ஊரடங்கால் லாபமா, நட்டமா: கணக்கை எங்கே தொடங்குவது?

2020 ஆகஸ்ட் 31 அன்று இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஓர் எண்ணை வெளியிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியிருந்தது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு தரப்பு அந்த எண்ணைக் காட்டி, "ஊரடங்கு போட்டதால் வந்த நட்டம் இது" என்கிறது. மறு தரப்பு, "சுவர் இருந்தால்தானே சித்திரம் வரைய முடியும், உயிருக்கு முன்னால் பணம் என்ன பெரிய பணம்?" என்று கேட்கிறது. இரண்டு தரப்புமே கணக்கைத் தொடங்கும் இடத்தில் தவறுகின்றன. முதல் தரப்பு, கொரோனாப் பெருந்தொற்று செய்த சேதத்தையும் சேர்த்து ஊரடங்கின் தலையில் எழுதுகிறது. இரண்டாவது தரப்பு, வருமானம் நின்றாலும் உயிர் போகும் என்பதை மறந்துவிடுகிறது.

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை, நான்கு கட்டங்களாக 68 நாட்கள் நடந்த ஊரடங்கை எடுத்துக்கொண்டு, இந்தக் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்ப்போம். ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் பிற நாடுகளையும் தொட்டுக்கொள்ளலாம்.

## 23.9 சதவீதம் எதைச் சொல்கிறது?

ஒரு காலாண்டில் நாட்டில் உற்பத்தியான பொருட்கள், சேவைகளின் மதிப்பை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் கிடைப்பது இந்த எண். இது மூன்று மாதக் கணக்கு மட்டுமே. 2020–21 நிதியாண்டு முழுவதற்குமான சுருக்கம் முதலில் 7.3 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. திருத்தங்களுக்குப் பிறகு அது 5.8 சதவீதத்தில் வந்து நின்றது.

துறைவாரியாகப் பார்த்தால் அடி எங்கே விழுந்தது என்பது தெரியும். அந்தக் காலாண்டில் கட்டுமானம் 50 சதவீதம் சரிந்தது. வணிகம், ஓட்டல், போக்குவரத்து, தகவல்தொடர்பு எல்லாம் அடங்கிய பிரிவு 47 சதவீதம் சரிந்தது. தொழிற்சாலை உற்பத்தி 39 சதவீதம் குறைந்தது. விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. கொத்தனார், சித்தாள், டிரைவர், ஓட்டல் சர்வர், கடைப் பையன் என்று நாள் கூலிக்கும் வாரச் சம்பளத்துக்கும் வேலை பார்ப்பவர்கள் குவிந்திருக்கும் துறைகளில்தான் பலத்த அடி.

காலாண்டு மதிப்பீட்டில் முறைசாராத் தொழில்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பு கிடையாது. பெரிய நிறுவனங்கள் தாக்கல் செய்யும் கணக்குகளைப் போன்ற குறியீடுகளை வைத்துத்தான் சிறு தொழில்கள் எப்படி இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். பெரிய கம்பெனி சமாளித்து நின்று, பக்கத்துச் சந்தில் இருக்கும் பட்டறை மூடிப்போனால், அந்த மூடல் இந்த எண்ணில் முழுசாகப் பதிவாகாது. ஆகவே 23.9 என்பது ஊரடங்கின் செலவை ஒரு வகையில் குறைத்துக் காட்டுகிறது. இன்னொரு வகையில் கூட்டியும் காட்டுகிறது. அது எப்படி என்பதை ஒரு கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

## ஒரு டீக்கடையின் கல்லா

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு எதிரே டீக்கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வியாபாரம் 4,000 ரூபாய். பால், டீத்தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். டீ மாஸ்டருக்கு 600. வாடகை நாளொன்றுக்கு 300. மிச்சம் 900 கடைக்காரருக்கு. இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான்.

ஊரடங்கு போட்டதும் கடை மூடப்படுகிறது. சமூகத்துக்கு எவ்வளவு நட்டம்? 4,000 என்று சொல்லத் தோன்றும். ஆனால்:

1. வாங்காத பாலும் எரிக்காத கேஸும் நட்டம் ஆகாது. பால் கீழே கொட்டப்படாமல் வேறு வீட்டுக்கோ பால் பவுடர் ஆலைக்கோ போய்விட்டால், அந்த 2,200 ரூபாய் கணக்கிலிருந்து கழிந்துவிடும். மீதி 1,800 ரூபாய்தான் அந்தக் கடையில் உருவாகாமல் போன மதிப்பு.

2. வாடகையைக் கடைக்காரர் கட்டினால் அவருக்கு நட்டம். கட்டடக்காரர் விட்டுக்கொடுத்தால் அவருக்கு நட்டம். மொத்தம் அதே 1,800தான். சுமை கை மாறுகிறது, அவ்வளவே. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி கடன் தவணைகளைத் தள்ளிப்போட அனுமதித்ததும் இந்த வகைதான். தவணை தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

3. அரசு டீ மாஸ்டருக்கு 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தால், அதைப் புது இழப்பாகச் சேர்க்கக் கூடாது. அவருடைய இழப்பின் ஒரு பகுதியை வரி செலுத்துவோர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று மட்டுமே அதற்கு அர்த்தம். போன கூலியையும் கொடுத்த நிவாரணத்தையும் இரண்டாகக் கூட்டி "மொத்தச் செலவு" என்று எழுதுவது ஒரே தொகையை இரண்டு முறை எண்ணுவது. பத்திரிகைக் கட்டுரைகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படும்.

4. இன்று வாங்காத பிரிட்ஜை மூன்று மாதம் கழித்து வாங்கலாம். இன்று குடிக்காத டீயை மூன்று மாதம் கழித்துச் சேர்த்து வைத்துக் குடிக்க முடியாது. பொருள் விற்பவருக்கு வியாபாரம் தள்ளிப்போகிறது. சேவை விற்பவருக்கு அது போயே போய்விடுகிறது. முடிதிருத்துபவர், ஆட்டோ ஓட்டுநர், கல்யாணச் சமையல்காரர் எல்லோரும் இந்த இரண்டாவது வரிசையில் வருகிறார்கள்.

இனி முக்கியமான கேள்வி. ஊரடங்கே போடாமல் இருந்திருந்தால் அந்தக் கடை 4,000 ரூபாய்க்கு வியாபாரம் பார்த்திருக்குமா?

## பயத்தின் பங்கு

ஊரில் நோய் பரவுகிறது, பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் யாரும் உத்தரவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பாதிப் பேர் தாங்களாகவே கடைக்கு வருவதை நிறுத்தியிருப்பார்கள். வியாபாரம் 2,000 ஆகக் குறைந்தால், பால் முதலான செலவு 1,100 போக, 900தான் மிஞ்சும். அதாவது 1,800 ரூபாய் இழப்பில் 900 நோயால் எப்படியும் வந்திருக்கும். உத்தரவால் வந்தது மீதி 900 மட்டும்.

பொருளியலில் இதை மாற்று நிலை என்று சொல்லலாம். நடந்ததை ஒப்பிட வேண்டியது பழைய சகஜ வாழ்க்கையோடு அல்ல. உத்தரவு இல்லாமல் அதே நோய் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த நிலையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் இந்த விவாதம் முழுக்க இருக்கும் சிக்கல்.

இதை அளக்கச் சில நல்ல முயற்சிகள் நடந்தன. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூல்ஸ்பியும் சைவர்சனும் செல்போன் இருப்பிடத் தரவுகளை வைத்து, உத்தரவு போட்ட ஊரையும் எல்லையைத் தாண்டி உத்தரவு போடாத ஊரையும் ஒப்பிட்டார்கள். கடைகளுக்குப் போகும் கூட்டம் 60 சதவீதம் குறைந்திருந்தது. அதில் அரசு உத்தரவால் குறைந்தது 7 சதவீதப் புள்ளிகள்தான். இன்னோர் ஆய்வு டென்மார்க்கையும் சுவீடனையும் எடுத்துக்கொண்டது. டென்மார்க் கடைகளையும் பள்ளிகளையும் மூடியது. சுவீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. வங்கி அட்டைச் செலவு டென்மார்க்கில் 29 சதவீதம் குறைந்தது, சுவீடனில் 25 சதவீதம். வித்தியாசம் 4 புள்ளிதான்.

இதை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்தலாமா? கூடாது என்பது என் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள்.

1. மார்ச் 24 இரவு பிரதமர் ஊரடங்கை அறிவித்தபோது நாட்டில் உறுதிசெய்யப்பட்ட தொற்றுகள் சுமார் 500தான். பயம் பரவுவதற்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது.

2. நாள் கூலிக்காரர் பயந்தாலும் வேலைக்குப் போவார். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. மாதச் சம்பளம் வருகிறவர்தான் தானாக வீட்டில் இருக்க முடியும்.

3. ரயில், பேருந்து, மாநில எல்லை என எல்லாம் சில நாட்களுக்குள் நின்றன. தனி மனிதர்களின் எச்சரிக்கை உணர்வால் ஒரு நாட்டின் ரயில்கள் நிற்பதில்லை. அரசுகளின் கட்டுப்பாடுகள் எவ்வளவு கடுமை என்று அளக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தயாரித்த குறியீட்டில் அப்போது இந்தியா நூற்றுக்கு நூறு.

ஆகவே இந்தியாவில் உத்தரவால் வந்த இழப்பின் பங்கு டென்மார்க்கைவிட மிகப் பெரியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "மக்கள் எப்படியும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள்" என்ற வாதம் இங்கே பாதிதான் செல்லும்.

## அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன?

டீக்கடைக்கு வரும் இளைஞர், "எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் தாங்கிக்கொள்வேன்" என்று முடிவு செய்யலாம். அது அவர் உரிமை என்றும் சொல்லலாம். ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தத் தொற்று அவருடைய 70 வயதுப் பாட்டிக்குப் போகிறது. ஒருவர் எடுத்த முடிவின் விலையை, அந்த முடிவில் பங்கே இல்லாத இன்னொருவர் கொடுப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்பார்கள். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, கீழே இருக்கும் விவசாயியின் கிணற்றைக் கெடுத்ததும் இதே வகைதான். பட்டறையின் கணக்கில் அந்தச் செலவு வராது. அதனால்தான் அரசு உள்ளே நுழைகிறது.

ஊரடங்குக்குப் பொருளியல் நியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தனி மனிதர்கள் தங்களுக்குத் தேவையான அளவுக்கு எச்சரிக்கையாக இருப்பார்கள். மற்றவர்களுக்குத் தேவையான அளவுக்கு இருக்க மாட்டார்கள்.

## உயிருக்கு எப்படி விலை போடுகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் விலை போட மறுத்தாலும் அரசுகள் தினமும் விலை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு மேம்பாலத்துக்கு நடுவே தடுப்புச் சுவர் கட்டலாமா, ஒரு புற்றுநோய் மருந்தைக் காப்பீட்டில் சேர்க்கலாமா என்ற முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, புள்ளியியல் உயிர் மதிப்பு. ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மரண அபாயத்தைக் குறைக்க ஒருவர் 1,000 டாலர் செலவழிக்கத் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேர் அப்படிச் செய்தால் மொத்தம் 1 கோடி டாலர் செலவு, தப்பிப்பது சராசரியாக ஓர் உயிர். அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2020 வாக்கில் கிட்டத்தட்ட இந்த 1 கோடி டாலர் அளவைத்தான் பயன்படுத்தின. இது யாரோ ஒரு குறிப்பிட்ட மனிதரின் விலை கிடையாது. சின்னச் சின்ன அபாயங்களைக் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதன் கூட்டுத்தொகை. 2020 மார்ச்சில் கிரீன்ஸ்டோன், நிகாம் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த முறையில், மிதமான சமூக இடைவெளி அமெரிக்காவில் 17 லட்சம் உயிர்களைக் காக்கும், அதன் மதிப்பு, முதியவர்களின் உயிருக்கு வயதுக்கேற்பக் குறைத்துப் போட்டபிறகும் சுமார் 7.9 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அது அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த எண்ணோடு ஒப்பிட்டால் எந்த ஊரடங்குச் செலவும் சிறியதாகத்தான் தெரியும்.

இரண்டாவது வழி, உயிரை ஆண்டுகளாக எண்ணுவது. பிரிட்டனில் ஒரு சிகிச்சை ஒருவருக்கு நல்ல ஆரோக்கியத்துடன் ஓராண்டு கூடுதல் ஆயுளைத் தந்தால், அதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவழிக்கலாம் என்பது பொதுச் சுகாதாரச் சேவைக்கு வழிகாட்டும் அமைப்பின் பழைய நடைமுறை. கொரோனாவில் மரண அபாயம் வயதோடு செங்குத்தாக ஏறுவதால், தப்பிப்பவர்களில் பலருக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் குறைவு. ஆகவே இந்த முறையில் பலன் குறைவாகத் தெரியும். ஒரே ஊரடங்குக்கு ஒருவர் பெரும் லாபம் என்றும் இன்னொருவர் பெரும் நட்டம் என்றும் எழுதியதற்குப் பாதிக் காரணம் இதுதான். இருவரும் வேறு வேறு தராசில் நிறுத்தார்கள்.

முதல் தராசை ஏழை நாட்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு கொடுமை நடக்கிறது. அபாயத்தைக் குறைக்க "எவ்வளவு கொடுக்கத் தயார்" என்ற கேள்விக்கான பதில், பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூலித் தொழிலாளி குறைவாகக் கொடுப்பதால் அவர் உயிரின் மதிப்பு குறைவு என்று கணக்கு சொல்லும். ஒரே நாட்டுக்குள் இந்த வித்தியாசத்தை நான் ஏற்க மாட்டேன். எல்லோருக்கும் ஒரே மதிப்பு போட வேண்டும். ஆனால் இதே விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் முஷ்பிக் மொபாரக்கும் சக ஆய்வாளரும் 2020லேயே எச்சரித்தார்கள்: ஏழை நாடுகளில் மக்கள் இளவயதினர், ஆகவே ஊரடங்கால் தப்பிக்கும் உயிர்கள் விகிதத்தில் குறைவு. சேமிப்பு இல்லாதவர்கள் என்பதால் வருமான இழப்பே உயிருக்கு ஆபத்து. அப்படியென்றால் தராசின் இரண்டு தட்டிலும் உயிர்கள்தான் இருக்கின்றன.

## வாங்கியது உயிர்களையா, நேரத்தையா?

ஊரடங்கு வைரஸை அழிப்பதில்லை. அது பரவுவதைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே "ஊரடங்கு எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது" என்பதைவிடச் சரியான கேள்வி, "ஊரடங்கு எவ்வளவு நேரத்தை வாங்கியது, அந்த நேரம் எதற்குப் பயன்பட்டது" என்பது.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 லட்சம் மக்கள், சுற்றிலும் கடல். அவர்களும் 2020 மார்ச் 25 இரவுதான் ஊரடங்கைத் தொடங்கினார்கள். ஜூன் தொடக்கத்தில் உள்ளூர்ப் பரவல் நின்றது. அந்த ஆண்டு முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் 25 பேர். தடுப்பூசி வரும்வரை எல்லையை மூடிவைத்து உள்ளே கடைகளைத் திறந்துகொண்டார்கள். அவர்கள் வாங்கிய நேரம் தடுப்பூசி வரை நீண்டது. சில வாரச் செலவுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் பாதுகாப்பு.

இந்தியாவில் அது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. 2020 டிசம்பர், 2021 ஜனவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது தெரிந்தது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த அடுத்த ஆய்வில் 67.6 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதில் தடுப்பூசியின் பங்கும் உண்டு. ஊரடங்கு அலையைத் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை.

தள்ளிப்போட்டதில் பலன் இல்லையா என்றால், நிச்சயமாக இருந்தது. 2020 மார்ச்சில் நாட்டில் பாதுகாப்பு உடை தட்டுப்பாடு. அடுத்த இரண்டு மாதங்களில் உள்நாட்டிலேயே தைக்கத் தொடங்கினார்கள், திருப்பூர் கம்பெனிகளும் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் மாறின. நாளொன்றுக்கு நடந்த பரிசோதனைகள் மே இறுதிக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டின. ஜூன் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு செய்தி வந்தது: டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. ஏப்ரலில் தொற்றியிருக்க வேண்டிய ஒருவருக்கு ஆகஸ்டில் தொற்றினால், அவரைப் பார்க்கும் மருத்துவரின் கையில் அந்த மருந்து இருந்தது. ஏப்ரலில் இருந்திருக்காது. தாமதத்தின் விலைமதிப்பு இப்படித்தான் உருவாகிறது.

இதே கணக்கு 2021இல் கசந்துபோனது. மாவட்ட மருத்துவமனைகளில் காற்றிலிருந்து ஆக்சிஜன் தயாரிக்கும் 162 ஆலைகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருந்தது. இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஏப்ரல் நடுவில், நிறுவப்பட்டிருந்தவை 33. ஆக்சிஜன் சிலிண்டருக்காகக் குடும்பங்கள் இரவெல்லாம் வரிசையில் நின்ற நாட்கள் அவை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த மரணங்கள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய அரசு அந்த முறையையும் எண்ணையும் ஏற்கவில்லை. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், பெரும் பகுதி மரணங்கள் ஊரடங்குக்கு ஒரு வருடம் கழித்து வந்த அலையில் நடந்தவை. 68 நாட்களில் ஏழைகளின் கூலியைக் கொடுத்து வாங்கிய நேரத்தில் ஒரு பகுதி இப்படி வீணாயிற்று.

## யார் கொடுத்த விலை?

மொத்த லாபத்திலிருந்து மொத்த நட்டத்தைக் கழித்தால் போதும் என்று பாடப்புத்தகம் சொல்லும். லாபம் ஒருவருக்கும் நட்டம் இன்னொருவருக்கும் போகும்போது அந்தக் கழித்தல் பெரிதாக எதையும் சொல்லாது.

நோயால் அதிகம் இறந்திருக்கக்கூடியவர்கள் முதியவர்கள். வேலை இழந்தவர்கள் உழைக்கும் வயதினர், அதிலும் வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையில் இருந்தவர்கள். வேலைவாய்ப்பைக் கணக்கெடுக்கும் சிஎம்ஐஇ என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில் 2020 ஏப்ரலில் மட்டும் சுமார் 12 கோடிப் பேர் வேலையில்லாமல் போனார்கள். ஊரடங்கு அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இருந்தது நான்கு மணி நேரம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் தொடங்கியது மே 1 அன்று. அந்த ஐந்து வாரங்களில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். மே 8 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்து தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. தண்டவாளத்தில் அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. நோய் மரணக் கணக்கிலும் அவர்கள் இல்லை, உற்பத்தி இழப்புக் கணக்கிலும் இல்லை.

நிவாரணம் எவ்வளவு வந்தது? பெண்களின் ஜன்தன் வங்கிக் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம். நாளுக்கு 16, 17 ரூபாய். ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசமாகக் கிடைத்தது, அது நிறையப் பேரைப் பட்டினியிலிருந்து காத்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் கிடைத்தது. ஆனால் திருப்பூரில் சிக்கிக்கொண்ட பீகார் தொழிலாளியின் ரேஷன் அட்டை பீகாரில் இருந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில்தான். ஊருக்குத் திரும்பியவர்களைத் தாங்கியது நூறு நாள் வேலைத் திட்டம். 2020–21இல் அந்தத் திட்டத்தில் 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது, முந்தைய ஆண்டில் 265 கோடி. இவ்வளவு பேர் மண் வெட்டப் போனார்கள் என்பதிலிருந்தே ஊரடங்கின் செலவு எங்கே இறங்கியது என்று புரிந்துகொள்ளலாம்.

ஊரடங்கில் தப்பித்த உயிர்கள் சமூகம் முழுவதற்கும் கிடைத்த நன்மை. அதன் விலையைச் சமூகம் முழுவதும் பகிர்ந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து சம்பளம் வாங்கியவர்களிடமிருந்து வரியாகவோ அரசுக் கடனாகவோ எடுத்து, வேலை நிறுத்தப்பட்டவர்களுக்குக் கூலியாகக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். டீக்கடைக் கணக்கில் பார்த்ததுபோல, அப்படிக் கொடுப்பது நாட்டுக்குப் புதிய நட்டம் கிடையாது.

## ஒரே உத்தரவு, பல விலைகள்

"ஊரடங்கு தேவையா, இல்லையா" என்று மொத்தமாகக் கேட்பதால்தான் பதில் கிடைப்பதில்லை. ஊரடங்கு என்பது நூறு தடைகளின் மூட்டை. ஒவ்வொரு தடைக்கும், ஒவ்வொரு கூடுதல் வாரத்துக்கும் செலவு வேறு, பலன் வேறு. பொருளியலில் இதை இறுதிநிலைக் கணக்கு என்பார்கள். முதல் இரண்டு வாரம் அதிகப் பலன் தரலாம். பத்தாவது வாரத்தில் பலன் சுருங்கி, செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

தடையை எப்படி அறிவிக்கிறோம் என்பதே அதன் பலனை அழித்துவிடவும் முடியும். 2020 ஏப்ரல் 24 அன்று சென்னை, கோவை, மதுரை, சேலம், திருப்பூர் ஆகிய ஐந்து மாநகரங்களுக்கு, 26 முதல் சில நாட்கள் முழு ஊரடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. காய்கறி வாங்க ஊரே அன்று வெளியே வந்தது. இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் இடைவெளிக்கு எங்கே போவது? ஏற்கெனவே நெருக்கடியான கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை லாரிக்காரர்கள், சுமைதூக்குவோர், வியாபாரிகள் வழியாகப் போனது. மே 5 அன்று சந்தையை மூடி, அப்புறம் திருமழிசைக்கு மாற்றினார்கள். மக்களைப் பிரித்து வைக்கப் போட்ட தடை, தொடங்குவதற்கு முன்பே அவர்களை ஒன்று கூட்டியது.

சில பலன்களும் இழப்புகளும் யாரும் திட்டமிடாமல் வந்தவை. சாலை விபத்து மரணங்கள் 2019இல் 1.51 லட்சம், 2020இல் 1.31 லட்சம். சுமார் இருபதாயிரம் பேர் பிழைத்தார்கள். மறுபக்கம், 2019இல் நாட்டில் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டுப் பதிவானார்கள். 2020இல் 18 லட்சம்தான். காசநோய் அந்த வருடம் குறைந்துவிடவில்லை. ஆறு லட்சம் பேர் இருமிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

## கணக்கில் வராத பள்ளி

எல்லாத் தடைகளிலும் மோசமான பேரம் எது என்று என்னைக் கேட்டால், பள்ளிகளை அவ்வளவு காலம் மூடியதைத்தான் சொல்வேன்.

முதல் சில மாதங்களில் மூடியது நியாயம்தான். குழந்தைகளுக்கு இந்த நோயால் வரும் ஆபத்து எவ்வளவு, அவர்கள் எவ்வளவு பரப்புவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறக்குறைய 19 மாதம். டாஸ்மாக் கடைகளும் ஜவுளிக்கடைகளும் அதற்கு நெடுநாள் முன்பே திறந்துவிட்டன. சுவீடனில் 16 வயதுக்குட்பட்டோரின் பள்ளிகள் பெருமளவு மூடப்படவே இல்லை.

ஏன் இப்படி? பள்ளி மூடியதன் செலவு எந்த அறிக்கையிலும் உடனே தெரியவில்லை என்பது ஒரு காரணம். அரசுப் பள்ளியின் "உற்பத்தி" தேசியக் கணக்கில் பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்தை வைத்தே எண்ணப்படுகிறது. பள்ளி பூட்டியிருந்தாலும் சம்பளம் போய்க்கொண்டிருந்தால், கணக்குப்படி கல்விச் சேவை நடந்துகொண்டிருக்கிறது. டீக்கடை மூடினால் அன்றே 1,800 ரூபாய் குறைந்தது தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதை மறந்தால் எந்தக் காலாண்டு அறிக்கையிலும் அது வராது. அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்தில், குறைந்த சம்பளமாக வரும்.

கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்கும் ஏசர் ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம். 2022இல் 20.5. ஆன்லைன் வகுப்பு நடந்ததே என்று கேட்கலாம். வீட்டில் ஒரே செல்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இரவு எட்டு மணிக்கு மேல்தான், அதுவும் டேட்டா மிச்சமிருந்தால்.

தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் முரளிதரன், சிங், ரொமேரோ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. 2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள், கொரோனாவுக்கு முன்பு அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் அடி இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலை நேரத்தில் கோயில் மண்டபத்திலோ யாருடைய வீட்டுத் திண்ணையிலோ இருபது பிள்ளைகளை உட்காரவைத்து, அதே தெருவில் இருக்கும் ஒரு பெண் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மீட்க முடியாமல் போன அந்த மூன்றில் ஒரு பங்கு எந்தப் பிள்ளைகளிடம் தங்கியிருக்கிறது என்று இன்றும் வகுப்பு வகுப்பாகத் தேடிப்பார்க்கலாம். அன்று முதல் வகுப்பில் சேர்ந்து, பள்ளிக் கட்டடத்தைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள், இப்போது உயர்நிலை வகுப்புகளை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.